சிப்பியின் ஆர்என்ஏவில் கடல் மாசைப் படிப்பது எப்படி?

கடல்நீரை ஒரு பாட்டிலில் பிடித்து அளந்தால், பிடித்த நேரத்தில் அதில் என்ன இருந்தது என்பது தெரியும். நள்ளிரவில் திறந்து விடியுமுன் மூடிவிட்ட கழிவுக் குழாயைப் பற்றி அந்தப் பாட்டிலுக்கு ஒன்றும் தெரியாது. பாறையில் ஒட்டிக்கிடக்கும் சிப்பிக்குத் தெரியும். அது இடம்பெயராது. வளர்ந்த ஒரு சிப்பி மணிக்கு ஒரு லிட்டருக்கும் மேல் நீரைச் செவுள் வழியே வடிகட்டுகிறது. நீரில் கரைந்ததும் மிதந்ததும் அதன் சதையில் சேர்கின்றன. இதைக் கண்டுதான் எட்வர்ட் கோல்ட்பெர்க் 1975-இல் 'மஸல் வாட்ச்' என்ற கண்காணிப்பு முறையை முன்வைத்தார். அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகமான நோவா 1986 முதல் அதைத் தன் கரையோரங்களில் நடத்திவருகிறது.

மஸல் வாட்ச் கேட்பது, சதையில் எவ்வளவு மாசு சேர்ந்திருக்கிறது என்று. மரபணு வெளிப்பாட்டை அளப்பவர் கேட்பது, சேர்ந்த மாசுக்கு அந்த உயிர் என்ன செய்கிறது என்று. காட்மியம் செல்லுக்குள் நுழைந்தால் அதைப் பற்றிக்கொள்ளும் புரதத்தைத் தயாரிக்கச் சொல்லி எம்ஆர்என்ஏ நகல்கள் பெருகும். அந்த நகல்களை, டிஎன்ஏவைப் பெருக்கி அளக்கும் கியூபிசிஆர் இயந்திரத்தில் எண்ணுவதுதான் இந்த வேலை.

இயந்திரப் பகுதியை யாரும் சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். முடிவுகள் வீணாவது பெரும்பாலும் கரையில், சிப்பியைப் பிடுங்கிய முதல் அரைமணி நேரத்தில். அதனால் இந்தக் கட்டுரையில் கரைவேலைக்கு இடம் கூடுதல்.

உதாரணத்துக்கு எண்ணூரையும் பச்சைச் சிப்பியையும் எடுத்துக்கொள்வோம். பெர்னா விரிடிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். கேரளத்தில் கல்லுமக்காய் என்று பொரித்துச் சாப்பிடுவது இதையும் இதன் பழுப்பு உறவையும்தான். எண்ணூர்க் கழிமுகத்தில் கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் கலக்கின்றன. அனல்மின் நிலையங்களின் சாம்பலும் குளிர்விப்பு வெந்நீரும், மணலித் தொழிற்சாலைகளின் கழிவும் அங்கேதான் சேர்கின்றன. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்தது. ஒப்பிட, சென்னைக்குத் தெற்கே கோவளம்.

கேள்வியைக் குறுக்குங்கள்

"எண்ணூர் மாசுபட்டிருக்கிறதா?" என்று தொடங்கினால் எந்த மரபணுவை அளப்பது என்பதே தெரியாது. "சாம்பல் நீர் கலக்கும் இடத்தில் நான்கு வாரம் தொங்கவிட்ட சிப்பியின் செவுளில் உலோக எதிர்வினை, கோவளத்தில் தொங்கவிட்டதைவிடக் கூடுதலா?" என்று கேட்டால் இடம், காலம், உறுப்பு, மரபணு நான்கும் ஒரே வரியில் முடிவாகிவிடுகின்றன.

எந்த மரபணுக்கள்?

மெட்டலோதயோனின் முதலில். சிஸ்டீன் நிறைந்த சிறிய புரதம் இது. காட்மியம், செம்பு, துத்தநாகம், பாதரசம் ஆகியவற்றைப் பற்றிக்கொள்ளும். ஐரோப்பிய நீலச் சிப்பியான மைட்டிலஸில் எம்டி-10, எம்டி-20 என்று இரு குடும்பங்கள் உண்டு. எம்டி-10 எப்போதும் ஓரளவு ஓடிக்கொண்டிருக்கும். எம்டி-20 சாதாரணமாக அடங்கிக் கிடந்து காட்மியம் பட்டதும் பாயும். ஒரே 'மெட்டலோதயோனின் பிரைமர்' (பெருக்க வேண்டிய மரபணுவைத் தேடிப் பற்றும் குறுகிய டிஎன்ஏ துண்டு) இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் அந்தப் பாய்ச்சல் மழுங்கிப்போகும். மைட்டிலஸுக்காக வெளியான பிரைமரைப் பச்சைச் சிப்பியில் போட்டுப் பார்க்கவும் வேண்டாம். பெர்னா விரிடிஸின் மரபணுத்தொகை வரிசை பொதுத் தரவுத்தளங்களில் கிடைக்கிறது; அதிலிருந்தே வடிவமையுங்கள்.

அடுத்தது எச்எஸ்பி70. வெப்பம், உவர்ப்புக் குறைவு, காற்றில் காய்தல், உலோகம் என எதற்கும் எழும் பொது அவசரப் புரதம். எப்போதும் ஓடும் எச்எஸ்சி70 என்ற உடன்பிறப்பு இதற்கு உண்டு, வரிசையும் மிக நெருக்கம். பிரைமரின் 3' முனை இரண்டும் வேறுபடும் இடத்தில் விழ வேண்டும்.

கேட்டலேஸ், சூப்பராக்ஸைடு டிஸ்மியூட்டேஸ், குளூட்டதயோன் எஸ்-டிரான்ஸ்ஃபரேஸ் ஆகியவை ஆக்ஸிஜனேற்ற அழுத்தத்தைக் காட்டும். இவற்றின் ஏற்றம் பெரும்பாலும் சிறியது. துணைச் சாட்சியாக ஒன்றோ இரண்டோ போதும்.

மீன் ஆய்விலிருந்து வருபவர்கள் எண்ணெய் மாசுக்கு சிஒய்பி1ஏ மரபணுவைத் தேடுவார்கள். மீனில் அது அருமையாக வேலை செய்யும். மெல்லுடலிகளில் அந்த மரபணுவை எழுப்பும் ஏஎச் ஏற்பி, முதுகெலும்பிகளில் போல டையாக்ஸினைப் பற்றுவதில்லை. அதனால் சிப்பியின் ஏதோ ஒரு சைட்டோகுரோம் மரபணு உயர்ந்ததை வைத்து எண்ணெய்க் கசிவு என்று எழுதிவிடாதீர்கள். சதையில் பலவளைய ஹைட்ரோகார்பன்களை நேராக அளந்த எண்ணும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆண் மீனில் பெண் ஹார்மோன் மாசைக் காட்டும் விட்டெல்லோஜெனினும் இங்கே கைகொடுக்காது. சிப்பியில் அது முட்டையிடும் பருவத்தோடு ஏறி இறங்கும்.

தொடக்கத்துக்கு: மெட்டலோதயோனின், எச்எஸ்பி70, கேட்டலேஸ், மூன்று ஒப்பீட்டு மரபணுக்கள் (மாசால் மாறாதவை என்று கொண்டு அளவுகோலாக வைப்பவை). ஆறு போதும்.

கரையில்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை, விட்டுவிடுங்கள். ஆற்று நீர் இறங்கி உவர்ப்பு சரிந்தால் மாசே இல்லாமல் பாதி மரபணுக்கள் ஆடும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஒப்பீட்டளவில் நிலையான காலம். எந்த நாளில் எடுத்தாலும் நீர்வெப்பம், உவர்ப்பு, பிஎச், கரைந்த ஆக்ஸிஜன் நான்கையும் அங்கேயே அளந்து எழுதுங்கள். இந்த நான்கு எண்கள் இல்லாத மரபணுத் தரவை யாரும் நம்பத் தேவையில்லை.

பாறையில் இயற்கையாக இருக்கும் சிப்பியை எடுப்பதா, கூண்டில் கொண்டுபோய்த் தொங்கவிடுவதா? கூண்டுதான் நல்லது என்பது எங்கள் முடிவான கருத்து. எண்ணூரிலேயே பிறந்து வளர்ந்த சிப்பி அந்த நீருக்குப் பழகியிருக்கும். மாசைத் தாங்காதவை முன்பே செத்திருக்கும். மிஞ்சியவற்றைப் பார்த்து எல்லாம் நலம் என்று சொல்லிவிட நேரும். கூண்டுக்கு வேண்டியவை இவை:

கோவளத்தில் ஒரே நாளில் எடுத்த 5 முதல் 6 சென்டிமீட்டர் நீளமுள்ள சிப்பிகள், வெர்னியரால் அளந்து.
ஒரு சென்டிமீட்டர் கண்ணியுள்ள பிளாஸ்டிக் வலைப்பைகள். இரும்புக் கம்பி, செம்புக் கம்பி, துத்தநாகம் பூசிய ஆணி எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. உலோக மாசை அளக்கப் போய் கூண்டின் உலோகத்தை அளந்த கதையாகிவிடும்.
இடத்துக்கு மூன்று கூண்டு, கூண்டுக்கு 30 சிப்பி.
மிதவை, நங்கூரக் கல், கூண்டோடு ஒட்டிய வெப்பப் பதிவுக் கருவி.

எல்லா இடத்திலும் மேற்பரப்பிலிருந்து ஒரே ஆழத்தில், இரண்டு மீட்டர் போல, தொங்கவிடுங்கள். நான்கு வாரம். கோவளத்துக் கூண்டுகளிலும் சிப்பிகளைப் பிடுங்கி, அளந்து, பையிலிட்டு, எண்ணூருக்குப் போகும் நேரம் அளவுக்குப் பெட்டியில் வைத்திருந்துதான் திரும்பத் தொங்கவிட வேண்டும். இல்லையென்றால் பயணக் களைப்பு ஒரு பக்கத்தில் மட்டும் விழும்.

எண்ணூருக்கு ஒப்பீடாகக் கோவளம் மட்டும் போதாது. ஓரிடத்துக்கு ஓரிடம் ஒப்பிட்டால், காணும் வித்தியாசம் மாசாலா, வேறு நூறு காரணங்களாலா என்று பிரிக்க வழியில்லை. ஒப்பீட்டு இடம் குறைந்தது இரண்டு வேண்டும். எண்ணூரிலும் வெந்நீர் வரும் பக்கம் ஒன்று, சாம்பல் நீர் வரும் பக்கம் ஒன்று எனப் பிரிப்பது நல்லது. ஏன் என்பது பின்னால் வரும்.

கூண்டு போடுமுன் அந்தந்தக் குப்பத்து மீனவர்களிடம் பேசிவிடுங்கள். படகு போகும் வழி, வலை இழுக்கும் இடம், எந்த மூலையில் நீரோட்டம் கூண்டை அடித்துப்போகும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். சொல்லாமல் கட்டிய மிதவை ஒரு வாரம் தாங்காது. துறைமுக எல்லைக்குள் என்றால் துறைமுக அனுமதி. மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா போன்ற இடமென்றால் வனத்துறை அனுமதி. இரண்டாம் வார முடிவில் ஒருமுறை போய்க் கண்ணியை அடைத்த கொட்டலசையும் பாசியையும் சுரண்டுங்கள். கண்ணி அடைந்தால் உணவு குறையும், ஆக்ஸிஜன் குறையும், மரபணுக்கள் அதற்குப் பதில் சொல்லத் தொடங்கிவிடும். எடுக்கப்போகும் நாளுக்கு முந்தைய நாள் சுரண்டாதீர்கள்.

இயற்கைச் சிப்பிதான் வழி என்றால், நீருக்குள் மூழ்கியிருப்பதை மட்டும் எடுங்கள். சென்னைக் கடலில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவே என்றாலும், வற்றத்தில் வெளியே தெரியும் பாறையில் ஒரு மணி நேரம் வெயில் பட்ட சிப்பியில் எச்எஸ்பி70 எங்கேயோ போயிருக்கும். பாறையைப் பற்றியிருக்கும் பிடிநாரைக் கத்தரியால் வெட்டுங்கள். இழுத்துப் பிய்த்தால் காலடித் தசை கிழியும், காயமும் ஓர் அழுத்தம்தான்.

நீரை விட்டு வெளியே வந்த நொடியிலிருந்து சதை பாதுகாப்புக் கரைசலில் விழும் வரை 15 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. எல்லா இடத்திலும் அந்த நேரம் ஒன்றாகவும் இருக்க வேண்டும். சிப்பிகளை ஐஸ் பெட்டியில் போட்டு மூன்று மணி நேரம் கழித்து ஆய்வகத்தில் அறுப்பதே புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. அப்போது அளப்பது ஐஸ் பெட்டிக்கு வந்த எதிர்வினை. அறுக்கும் மேசையைப் படகிலோ கரையிலோ போடுங்கள்.

அறுப்பதும் பாதுகாப்பதும்

கையுறை அவசியம். தோலில் இருக்கும் ஆர்என்ஏஸ் நொதி உங்கள் மாதிரியைத் தின்றுவிடும். ஒவ்வொரு சிப்பிக்கும் புதிய பிளேடு, அல்லது ஆர்என்ஏஸ் நீக்கியால் துடைத்த பிளேடு. ஓடு மூடும் தசையை வெட்டித் திறந்து, உள்நீரை வடியவிடுங்கள். வெளிர் நிறத்தில் சீப்புப் பல்போல் அடுக்கடுக்காக இருப்பது செவுள். நடுவே கரும்பச்சைப் பழுப்பாக இருக்கும் கட்டி செரிமானச் சுரப்பி. ஓட்டை ஒட்டிய மேலுறைச் சதையின் நிறத்தையும் குறியுங்கள்: முதிர்ந்த பெண்ணில் செங்கல் ஆரஞ்சு, ஆணில் பால்வெள்ளை. பின்னால் முடிவுகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்றால், முதலில் பார்க்க வேண்டியது இந்தக் குறிப்பைத்தான்.

செரிமானச் சுரப்பியில் உலோக எதிர்வினை வலுவாகத் தெரியும், உண்மைதான். ஆனால் அங்கே நொதிகளும் அதிகம், பிசிஆரைத் தடுக்கும் சர்க்கரைப் பொருள்களும் அதிகம், தின்ற பாசியின் ஆர்என்ஏ வேறு கலந்திருக்கும். முதல்முறை செய்பவர் செவுளில் தொடங்கட்டும். சுரப்பியையும் எடுத்துப் பத்திரப்படுத்தி வையுங்கள்.

துண்டு ஒரு பக்கமாவது 5 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தடிமனானால் கரைசல் உள்ளே போவதற்குள் நடுப்பகுதி கெடும். சதையின் எடையைப் போல் ஐந்து முதல் பத்து மடங்கு கரைசல். கடையில் விற்கும் ஆர்என்ஏலேட்டர் விலை அதிகம். ஆய்வகத்திலேயே செய்துகொள்ளலாம்: 935 மில்லிலிட்டர் நீர், 0.5 மோலார் ஈடிடிஏ 40 மில்லிலிட்டர், 1 மோலார் சோடியம் சிட்ரேட் 25 மில்லிலிட்டர், அம்மோனியம் சல்ஃபேட் 700 கிராம். மிதமான சூட்டில் கலக்கிக் கரைத்து, ஆறியபின் கந்தக அமிலத்தால் பிஎச் 5.2-க்குக் கொண்டுவாருங்கள். மாதிரியை முதல் இரவு 4 டிகிரியில் வைத்த பிறகே உறைகுளிருக்கு மாற்ற வேண்டும். உடனே உறையவைத்தால் கரைசல் சதைக்குள் ஊறாது.

இடத்துக்குக் குறைந்தது 10 சிப்பி, தனித்தனிக் குழாயில். மூன்று கூண்டிலிருந்தும் ஏறத்தாழ சமமாக எடுங்கள். இதற்கு மேல் 20 சிப்பி உலோக அளவீட்டுக்கு.

ஆர்என்ஏ பிரித்தல்

டிரைசால் முறை மலிவு, சிப்பிக்கு நன்றாகவே வேலை செய்யும். அதில் ஃபீனால் இருக்கிறது. புகைக்கூண்டுக்குள்தான் திறக்க வேண்டும்.

1. 50 மில்லிகிராம் செவுளைக் கரைசலிலிருந்து எடுத்து, ஒற்றித் துடைத்து, 1 மில்லிலிட்டர் டிரைசாலில் கூழாக அரைக்கவும். அறைவெப்பத்தில் 5 நிமிடம்.
2. அரைத்ததை 12,000 ஜி விசையில், 4 டிகிரியில், 10 நிமிடம் சுழற்றித் தெளிந்ததை மட்டும் எடுக்கவும். சிப்பியின் சளிக்காக இந்தப் படி. மீன் சதைக்குத் தேவைப்படாது.
3. குளோரோஃபார்ம் 0.2 மில்லிலிட்டர். 15 வினாடி குலுக்கி, 2-3 நிமிடம் நிறுத்தி, 12,000 ஜியில் 15 நிமிடம்.
4. மேல் அடுக்கில் பெரும்பகுதியை மட்டும் உறிஞ்சவும். கடைசித் துளிக்கு ஆசைப்பட்டால் நடு அடுக்கின் டிஎன்ஏவும் கூட வரும்.
5. வழக்கமான 0.5 மில்லிலிட்டர் ஐசோபுரொப்பனாலுக்குப் பதிலாக, ஐசோபுரொப்பனால் 0.25 மில்லிலிட்டர், உப்புக் கரைசல் 0.25 மில்லிலிட்டர். உப்புக் கரைசல் என்பது 0.8 மோலார் சோடியம் சிட்ரேட்டும் 1.2 மோலார் சோடியம் குளோரைடும். சர்க்கரைப் பொருள்கள் கரைசலிலேயே தங்க, ஆர்என்ஏ மட்டும் படியும்.
6. 10 நிமிடம் கழித்து 12,000 ஜியில் 10 நிமிடம். படிவை 75 சதவீத எத்தனாலில் கழுவி, 7,500 ஜியில் 5 நிமிடம்.
7. லேசாக உலரவிட்டு 30 மைக்ரோலிட்டர் ஆர்என்ஏஸ் இல்லாத நீரில் கரைக்கவும். முற்றிலும் காய்ந்து கண்ணாடி போலானால் கரையாது.

ஒளியுறிஞ்சல் விகிதம் 260/280 ஏறத்தாழ 2.0, 260/230 குறைந்தது 1.8 இருக்க வேண்டும். இரண்டாவது 1-க்குக் கீழே போனால் உப்போ ஃபீனாலோ சர்க்கரையோ ஒட்டியிருக்கிறது; மறுபடி படியவைத்துக் கழுவுங்கள்.

இங்கே ஒரு பொறி. தரம் பார்க்க ஜெல்லிலோ பகுப்பாய்வுக் கருவியிலோ ஓட்டினால், எலி, மனித ஆர்என்ஏவில் தெரியும் 28எஸ், 18எஸ் என்ற இரண்டு பட்டைகளுக்குப் பதில் ஒரே ஒரு பட்டை தெரியலாம். கருவி தரும் ஆர்ஐஎன் என்ற தர எண்ணும் படுமோசமாக வரும். ஆர்என்ஏ சிதைந்துவிட்டது என்று மாதிரியை எறிந்துவிடாதீர்கள். மெல்லுடலிகள் பலவற்றின் 28எஸ் ஆர்என்ஏவில் இயற்கையாகவே நடுவில் ஒரு வெட்டு உண்டு. சூடாக்கினால் அது இரண்டாகப் பிரிந்து 18எஸ் அளவிலேயே போய் நிற்கும். பட்டை கூர்மையாக, கீழே புகைமூட்டம் இல்லாமல் இருந்தால் அதுவே நல்ல ஆர்என்ஏ.

பிறகு, மிஞ்சிய டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் நொதி: 1 மைக்ரோகிராம் ஆர்என்ஏவுக்கு 1 யூனிட், 37 டிகிரியில் 30 நிமிடம், ஈடிடிஏ சேர்த்து 65 டிகிரியில் 10 நிமிடம் வைத்து நொதியை அடக்கவும். இதைத் தவிர்க்கச் சொல்பவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

சிடிஎன்ஏ, பிரைமர், தட்டு

சிடிஎன்ஏ என்பது ஆர்என்ஏவிலிருந்து எடுக்கும் டிஎன்ஏ நகல்; கியூபிசிஆர் பெருக்குவது அதைத்தான். எல்லா மாதிரியிலும் ஒரே அளவு ஆர்என்ஏ, 1 மைக்ரோகிராம், 20 மைக்ரோலிட்டர் வினையில். ஒரே நாளில், ஒரே கலவையிலிருந்து. சில மாதிரிகளுக்கு, இந்த நகலை எடுக்கும் தலைகீழ்ப்படியாக்க நொதி இல்லாத குழாய் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். டிஎன்ஏ மிச்சத்தைக் காட்டிக்கொடுப்பது அதுதான்.

பிரைமர் பெருக்கும் துண்டு 70 முதல் 150 இணை நீளம், உருகுநிலை 60 டிகிரி அருகே. முடிந்தால் இரண்டு எக்ஸான்களை (மரபணுவில் எம்ஆர்என்ஏவுக்குள் போகும் பகுதிகளை) தாண்டி அமையட்டும். சிப்பிகளில் ஒன்றுக்கொன்று வரிசை வேறுபாடு அதிகம். பிரைமர் விழும் இடத்தில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த ஒரு சிப்பியில் மரபணு 'குறைந்ததாக' தெரியும். மைட்டிலஸ் காலோபுரொவின்சியாலிஸில் பெரும் எண்ணிக்கையிலான மரபணுக்கள் சில உயிரிகளில் இருந்து, சிலவற்றில் அடியோடு இல்லாமல் போவதை 2020-இல் வெளியான மரபணுத்தொகை ஆய்வு காட்டியது. பத்தில் ஒரு சிப்பி மட்டும் வினோதமாக நின்றால், அதன் டிஎன்ஏவிலேயே அந்தப் பிரைமர் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். கன்னியாகுமரி, கேரளக் கரைப் பக்கம் எடுப்பவர்கள் பழுப்புச் சிப்பி கலந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு பிரைமருக்கும் பத்து மடங்காக நீர்த்த ஐந்து புள்ளித் தரவரைவு போடுங்கள்: நீர்ப்புக்கு எதிரே சிடி, அதாவது ஒளி வரம்பைத் தாண்டும் சுற்று எண். நகல் குறைந்தால் சிடி ஏறும். சரிவு -3.6 முதல் -3.1 வரை, அதாவது திறன் (ஒரு சுற்றில் நகல் இரட்டித்தால் 100 சதவீதம்) 90 முதல் 110 சதவீதம். 110-ஐத் தாண்டினால் பலரும் மகிழ்கிறார்கள். பெரும்பாலும் அது அடர்ந்த மாதிரியில் தடுப்பான் இருப்பதன் அடையாளம். சோதிக்க எளிய வழி உண்டு: ஒரு மாதிரியை ஐந்து மடங்கு நீர்த்தால் சிடி மதிப்பு 2.3 ஏற வேண்டும். ஒன்று மட்டும் ஏறினால் தடுப்பான் இருக்கிறது; நீர்த்த மாதிரியையே பயன்படுத்துங்கள்.

வினை 10 மைக்ரோலிட்டர்: சைபர் பச்சைக் கலவை 5, பிரைமர்கள் தலா 300 நானோமோலார், நீர்த்த சிடிஎன்ஏ 2, மீதி நீர். 95 டிகிரி 3 நிமிடம். பிறகு 95 டிகிரி 10 வினாடி, 60 டிகிரி 30 வினாடி, 40 சுற்று. கடைசியில் உருகு வளைவு. உச்சி ஒன்றுதான் இருக்க வேண்டும்.

96 குழித் தட்டில் ஒரு மரபணுவுக்கு எல்லா மாதிரியும் ஒரே தட்டில் வரட்டும். மூன்று இடம், இடத்துக்கு 10 சிப்பி, மும்மூன்று குழி என்றால் 90 குழி. மீதி ஆறில் மூன்று வெற்று நீர், மூன்று எல்லாத் தட்டிலும் வரும் பொது மாதிரி. கணக்கு கச்சிதமாக நிற்கும். இடத்தை நான்காக்கினால் குழியை இரண்டாக்குங்கள், சிப்பியைக் குறைக்காதீர்கள்.

ஒப்பீட்டு மரபணு

ஆக்டின் ஒன்றை மட்டும் வைத்துக் கணக்கிட்ட கட்டுரைகள் ஏராளம். ஆக்டினும் இனப்பெருக்கப் பருவத்தோடு மாறும். 18எஸ் ஆர்என்ஏ அளவு மிக அதிகம். அதன் சிடி 8, 9 என்று முன்னாலேயே நிற்கும், அரிதான மரபணுவின் சிறு அசைவை அதோடு ஒப்பிடுவது சரிவராது. இஎஃப்1-ஆல்ஃபா, டியூபுலின், ரைபோசோம் புரத மரபணு ஒன்று, ஆக்டின் என நான்கைந்தை உங்கள் மாதிரிகளிலேயே ஓட்டி, ஜிநார்ம் அல்லது நார்ம்ஃபைண்டர் மென்பொருளில் நிலைத்தன்மை பாருங்கள். ஜிநார்மின் எம் மதிப்பு 0.5-க்குக் கீழே உள்ள இரண்டு மூன்றின் சராசரியை எடுங்கள். வேறொருவர் வேறு கடலில் தேர்ந்தது உங்களுக்குப் பொருந்த வேண்டியதில்லை.

கணக்கு

கற்பனை எண்களில் பார்ப்போம். மெட்டலோதயோனின் சிடி: எண்ணூர் 21.4, கோவளம் 24.2. ஒப்பீட்டு மரபணு: எண்ணூர் 18.9, கோவளம் 18.8. டெல்டா சிடி, அதாவது முதலதிலிருந்து இரண்டாவதைக் கழித்தது, முறையே 2.5, 5.4. வித்தியாசம் 2.9. இரண்டின் அடுக்கு 2.9 என்பது ஏறத்தாழ 7.5 மடங்கு.

இது இரண்டு பிரைமரும் 100 சதவீதத் திறன் என்று கொண்ட கணக்கு. மெட்டலோதயோனின் பிரைமர் 92, ஒப்பீட்டுப் பிரைமர் 98 சதவீதம் என்றால், திறனையும் சேர்த்துக் கணக்கிடும் ஃபாஃபிள் முறைப்படி 1.92-இன் அடுக்கு 2.8, அதாவது 6.2, அதை 1.98-இன் அடுக்கு -0.1, அதாவது 0.93-ஆல் வகுத்தால் 6.7 மடங்கு. திறனை அளக்காதவர் 7.5 என்று எழுதியிருப்பார்.

புள்ளியியல் சோதனையை மடங்கு எண்ணில் செய்யாமல் டெல்டா சிடியில் செய்யுங்கள். மடங்கு எண்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஒரே சிப்பியின் மூன்று குழிகள் மூன்று சிப்பியாகாது. ஒரே கூண்டின் சிப்பிகளும் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்பதால், கூண்டை ஓர் அடுக்காகக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

முடிவைப் படிப்பது

மெட்டலோதயோனின் ஏறி, எச்எஸ்பி70 அசையாமல், சதையில் உலோகமும் கூடியிருந்தால் வழக்கு நேர்.

எண்ணூரில் அப்படி நேராக வராது. மெட்டலோதயோனினும் எச்எஸ்பி70-உம் சேர்ந்தே ஏறும் வாய்ப்பு அதிகம். சாம்பல் நீரா, வெந்நீரா? கூண்டோடு கட்டிய வெப்பப் பதிவுக் கருவிக்கு வேலை இப்போதுதான் வருகிறது. வெந்நீர்ப் பக்கக் கூண்டில் எச்எஸ்பி70 மட்டும் ஏறி, சாம்பல் பக்கத்தில் மெட்டலோதயோனின் ஏறியிருந்தால் இரண்டையும் பிரித்துவிடலாம். பிரிக்க முடியாவிட்டால் தொட்டியில் சோதியுங்கள். ஒரு தொட்டியில் கோவளச் சிப்பியை எண்ணூர் வெப்பத்தில் சுத்த நீரில் வையுங்கள். இன்னொன்றில் சாதாரண வெப்பத்தில் லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் காட்மியம், நான்கு நாள், தினமும் நீர் மாற்றி. இந்தக் காட்மியத் தொட்டிதான் உங்கள் பிரைமர் உண்மையிலேயே எதிர்வினையைப் பிடிக்கிறதா என்பதற்கும் சான்று. முதல் களவேலைக்கு முன்பே இதைச் செய்துவிடுவது புத்திசாலித்தனம். கழிவு நீரைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். அபாயக் கழிவாகச் சேர்த்து ஒப்படையுங்கள்.

சதையில் உலோகம் நிறைய, மெட்டலோதயோனின் எம்ஆர்என்ஏ மட்டும் கோவளத்தளவே என்றால் குழம்ப வேண்டாம். எம்ஆர்என்ஏ மணிகளிலும் நாட்களிலும் ஏறி இறங்குவது. அது கட்டிய புரதம் அதன்பின்னும் தங்கும். நீண்டகாலமாக மாசில் கிடக்கும் இயற்கைச் சிப்பியில் இப்படிக் காண்பது சாதாரணம். கூண்டுச் சிப்பியில் ஏற்றமும் பாறைச் சிப்பியில் அமைதியும் ஒரே இடத்தில் கிடைத்தால் அதுவே ஒரு கண்டுபிடிப்பு.

எல்லா மரபணுவும் ஒன்றாக இறங்கி, ஆர்என்ஏவும் குறைவாகக் கிடைத்தால் சிப்பி சாகும் தறுவாயில் இருந்திருக்கலாம். அத்தகைய மாதிரியில் ஒப்பீட்டு மரபணுக்களும் நிலையாக இருக்காது. மடங்குக் கணக்கு செல்லாது.

இந்த இடத்தில் கைகொடுப்பது நியூட்ரல் ரெட் சோதனை. சிப்பியின் இரத்தமான ஹீமோலிம்ஃபின் செல்களில், சாயம் செல்லின் செரிமானப் பையான லைசோசோமுக்குள் எத்தனை நிமிடம் தங்குகிறது என்று நுண்ணோக்கியில் பார்ப்பது. 120 நிமிடத்துக்கு மேல் நலம். 50-க்குக் கீழே கடும் பாதிப்பு. நடுவில் இருந்தால் அழுத்தத்தைச் சமாளித்துக்கொண்டிருக்கிறது. மைட்டிலஸுக்காக ஐரோப்பியக் கண்காணிப்பில் வகுத்த வரம்பு இது. பச்சைச் சிப்பியில் கோவள மதிப்பை ஒப்பீடாக வையுங்கள். செலவு மிகக் குறைவு, உயிருள்ள சிப்பி மட்டும் வேண்டும்.

அறிக்கையில் "எண்ணூர் நீர் 6.7 மடங்கு மாசு" என்று எழுதாதீர்கள், செய்தித்தாள் அதைத்தான் தலைப்பாக்கும். "நான்கு வாரம் கூண்டிலிருந்த சிப்பியின் செவுளில் மெட்டலோதயோனின் வெளிப்பாடு கோவளத்தைப் போல் 6.7 மடங்கு" என்று எழுதி, நம்பக இடைவெளி, சிப்பி எண்ணிக்கை, சதையின் உலோக அளவு, நீர்வெப்பம், உவர்ப்பு எல்லாவற்றையும் அதே பத்தியில் வையுங்கள். பிரைமர் வரிசை, திறன், ஒப்பீட்டு மரபணுத் தேர்வு ஆகியவற்றை கியூபிசிஆர் முடிவுகளை வெளியிடுவதற்காக 2009-இல் வந்த எம்ஐகியூஇ நெறிமுறைப்படி பின்னிணைப்பில் கொடுங்கள்.

மீதிச் சதை, மீதி ஆர்என்ஏ, ஓடுகள் எதையும் எறியாதீர்கள். சதையும் ஆர்என்ஏவும் -80 டிகிரியில். இடம், கூண்டு எண், சிப்பி எண், தேதி, பாலினம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய சீட்டு பைக்குள்ளேயே. எத்தனால் பட்டால் மார்க்கர் மை அழிந்துவிடும்.